பட்டா ஒருவர் பெயரில், பாடு மற்றொருவர் கையில்

சொத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நான் இன்னும் சாகவில்லையே" என்று முதியவர் ஒரு சொல் சொல்லிவிட்டால், அதற்குப் பின் வாய் திறப்பவர் யார்? நகரத்துக் குடும்பங்களில் இம்மௌனம் ஒரு வீட்டோடும் ஒரு வங்கிக் கணக்கோடும் நின்றுவிடலாம். உழவுக் குடும்பங்களிலோ அது அன்றாட வேலைக்குள் புகுந்துவிடுகிறது. எந்த விதையை விதைப்பது, எப்போது நாற்றுவிடுவது, டீசலுக்குப் பணம் யார் தருவது என்று எழும் கேள்விகள் எல்லாம் உண்மையில் ஒரே கேள்விதான்: இந்த நிலம் யாருடையது? அதை நேராகக் கேட்க எவருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே விதையைப் பற்றிச் சண்டையிட்டுக்கொள்கிறோம்.

இதை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியுமாவோம். தஞ்சை மாவட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில், எங்கள் குடும்பத்துக்கு ஒரு வேலி நன்செய் உண்டு. வேலிக்கணக்கு அறியாத இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம்: மூன்று மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி, அதாவது 6 ஏக்கர் 66 சென்ட். சாலையோரம் ஒரு மனையும், வீட்டுக்குப் பின்னே சிறு தென்னந்தோப்பும் உள்ளன. அத்தனைக்கும் பட்டா எங்களுள் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமானவர் பெயரில் இருக்கிறது. பெரியவர் என்றே அவரை இங்குக் குறிப்பிடுகிறோம். அவருக்கு வயது 80. எங்கள் மகனுக்கு 29. ஐம்பதைத் தாண்டிய நாங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறோம். மேலிருந்து வரும் சொல்லும் கீழிருந்து வரும் சொல்லும் முதலில் எங்கள் மீதுதான் விழும்.

மகன் இயந்திரவியலில் பட்டயம் பெற்றுத் திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோது ஒரு பையோடு வீடு வந்து சேர்ந்தான். இரண்டொரு மாதத்தில் திரும்பிவிடுவான் என்றே எண்ணினோம். அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறந்தது. காவிரிப் படுகையில் பிறந்தவருக்குத்தான் இதன் பொருள் விளங்கும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் தண்ணீர் திறக்கப்படவில்லை. ஜூலையிலா, செப்டம்பரிலா, அக்டோபரிலா என்று வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்துக் கிடந்தோம். எட்டாண்டுக்குப் பின் உரிய நாளில் வந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலையும் தொட்டது, மகனையும் தொட்டது. அவன் திரும்பிப் போகவில்லை.

மகன் நிலத்துக்கு வந்துவிட்டானே என்று ஊரார் எங்களைப் பாராட்டினர். எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வந்த மகன் அந்நிலத்தில் யார் என்று எவரும் கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து மடை திறப்பவன் அவன். இயந்திரம் பழுதானால் கையை எண்ணெயாக்கிக்கொள்பவன் அவன். ஆள் கிடைக்காத நாளில் தானே நாற்றுக்கட்டைச் சுமப்பவனும் அவனே. எனினும் பயிர்க்கடன் வேண்டுமென்று கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் தாத்தா பெயரில். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் போய்ச் சேர்வது தாத்தாவின் கணக்கில். மத்திய அரசு உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறதே, அதுவும் அங்கேதான். பெரியவர் பணத்தை வீணாக்குபவர் அல்லர். டிரங்குப் பெட்டிக்குள் நோட்டுப்புத்தகமும் அதன் மேல் ரொக்கமுமாக வைத்திருப்பார், கேட்டால் தருவார். கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே இடறல். தொழிற்சாலையில் மாதச் சம்பளம் எண்ணி வாங்கிய கை, வண்டிக்குப் பெட்ரோல் போட 200 ரூபாய்க்கு நீளும்போது எப்படிக் கூசும் என்பதை நாங்கள் பார்த்தோம்.

இடையில் ஒரு பெண் வீட்டார் வந்தனர். நல்ல குடும்பம், பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவர்கள். காப்பி குடித்தபின் பெண்ணின் தாய்மாமன் மெல்ல ஆரம்பித்தார்: "பையன் என்ன செய்கிறார்?" விவசாயம் என்றோம். "நிலம் யார் பெயரில்?" தாத்தா பெயரில் என்றோம். "தாத்தாவுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?" மூவர் என்றோம். அவர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்ததை நாங்கள் முகத்திலேயே கண்டோம். மறுவாரம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை. அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. எங்கள் மகளுக்கு வரன் பார்த்தபோது நாங்களும் இப்படித்தான் வகுத்துப் பார்த்திருப்போம்.

இனிப் பெரியவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பதவி ஆசை என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். அவருக்கு இருந்தது அச்சம். அவர் தோழர் ஒருவர், அதே தெருக்காரர், அறுபத்தைந்து வயதிலேயே எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, பிறகு ஒரு மாதம் ஒரு வீடு என்று தட்டோடு முறைவைத்துத் திண்ணை மாறியவர். அவர் அடக்கத்துக்குப் போய் வந்த அன்று பெரியவர் இரவு உணவு கொள்ளவில்லை. குடும்ப செபத்தின்போது சீராக்கின் ஞான நூலில் 33-ஆம் அதிகாரத்தை அவர் அடிக்கடி வாசிப்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். உயிருள்ளவரை மகனுக்கோ மனைவிக்கோ சகோதரனுக்கோ நண்பனுக்கோ உன்மேல் அதிகாரம் கொடுத்துவிடாதே, பிள்ளைகளின் கையை நீ பார்ப்பதைவிட அவர்கள் உன்னைக் கேட்பது நல்லது, வாழ்நாள் முடியும் நேரத்தில் பங்கிடு என்ற கருத்தை அந்த ஞானி அங்கே வைத்திருக்கிறார். அந்தப் பகுதி வரும்போது பெரியவரின் குரல் சற்று உயரும். பேரன் தலைகுனிந்து புன்னகை செய்வான்.

விவிலியத்தை வைத்து வழக்காடுவது நல்லதன்று. எனினும் மகனும் ஒரு நாள் பதில் வைத்திருந்தான். ஊதாரி மைந்தன் உவமையில் இளையவன் பங்கு கேட்டபோது தந்தை சொத்தை இருவருக்குமே பகிர்ந்தார் என்றுதான் லூக்கா எழுதுகிறார். ஆகப் பேச்சளவில் மூத்தவனுக்கும் பங்கு வந்துவிட்டது. ஆனால் வயலிலிருந்து திரும்பும் மூத்தவன் முறையிடுவது பங்கைப் பற்றியன்று. இத்தனை ஆண்டு உழைத்தும் நண்பரோடு உண்ண ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தன் கையால் எடுக்க முடியவில்லை என்பதைப் பற்றி. "நான் அந்த மூத்தவன் தாத்தா, எனக்குப் பங்கு வேண்டாம், ஆட்டுக்குட்டிதான் வேண்டும்" என்றான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வேதாகமத்தை மூடினார். பேரனின் அந்த ஒரு சொல்லில்தான் எங்களுக்கு வழி தெரிந்தது. நிலத்தின் உரிமை ஒன்று. நிலத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் வேறொன்று. அதில் விளையும் பணம் மற்றொன்று. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்திருப்பதால்தான் ஒன்றைக் கேட்டால் மூன்றும் இழுபடுகின்றன.

இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் பாட்டி. பெரியவரின் துணைவியாரை ஊரே அப்படித்தான் அழைக்கிறது. அவர் சொன்ன கதை, தம் மாமியார் வாயால் அவர் கேட்டது.

தஞ்சை மாவட்டம் 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாக்கேஜ் திட்டம் என்று அன்று பெயர். உரமும் கடனும் விதையும் ஆலோசனையும் ஒரே பொட்டலமாக உழவரிடம் வந்தன. அப்பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 வந்தது. மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும் குறுவை நெல். அன்று இருபத்தோரு வயது இளைஞராயிருந்த எங்கள் பெரியவர் அதைப் போட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய தந்தையார் சம்மதிக்கவில்லை. வைக்கோல் குட்டை, மாட்டுக்கு என்ன போடுவது? உப்பு உரம் போட்டால் மண் செத்துப்போகும். பாட்டன் காலத்து நெல் இருக்க இது எதற்கு? ஒரு மாத காலம் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லையாம். முடிவில் தந்தையார் கடைமடையில் மூன்று மாவைக் காட்டி, "இதில் உன் இஷ்டம், விளைந்தால் உனக்கு, விளையாவிட்டாலும் உனக்கு" என்றாராம்.

பாட்டி இதைச் சொல்லிவிட்டுப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், பேரன் இப்போது கேட்டுக்கொண்டிருந்ததோ பெரியவர் அன்று தூக்கியெறிந்த பழைய நெல்லைத்தான். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் திரட்டிய நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை தருவார்கள். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வழியில் பரவிய மாப்பிள்ளைச் சம்பாவை நண்பன் ஒருவனிடமிருந்து மகன் கொண்டுவந்திருந்தான். "இதைக் கைவிட நான் என் அப்பாவிடம் சண்டை போட்டேன், நீ இதைத் திரும்பக் கொண்டுவர என்னிடம் சண்டை போடுகிறாயா?" என்று பெரியவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். மூன்று மா கிடைத்தது. அதே கடைமடை மூன்று மா.

ஒற்றை நாற்று நடுவதிலும் ஒரு தர்க்கம் நடந்தது. செம்மை நெல் சாகுபடி என்று வேளாண் துறை சொல்லும் முறையில் பதினான்கு நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாகச் சதுர இடைவெளியில் நடுவர். ஏக்கருக்கு மூன்று கிலோ விதையும் ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். முப்பது கிலோ விதை தெளித்துப் பழகிய கண்ணுக்கு அந்த வயல் நட்ட அன்று வெறும் சேறாகத்தான் தெரியும். இம்முறையை 1980களில் மடகாஸ்கர் தீவில் உழவரோடு வாழ்ந்து வகுத்தவர் ஆன்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு என்று மகன் சொன்னான். சாமியார் என்றதும் தாத்தா இளகுவார் என்பது அவன் கணக்கு. "சாமியார் செபம் செய்து நட்டிருப்பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வரப்பில் நடந்தார்.

அந்த முதல் சம்பாப் பருவம் 2021. அவ்வாண்டு நவம்பரில் கொட்டிய மழையை டெல்டா எளிதில் மறக்காது. மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும் பயிர். மழையில் பாதி சாய்ந்தது. எங்கள் மற்ற வயலில் மாவுக்குப் பத்து மூட்டை விழும் இடத்தில் மகனுக்கு நான்கு மூட்டையே தேறியது. ஊரில் இரண்டொருவர் சிரித்தனர். பெரியவர் சிரிக்கவில்லை. சாய்ந்த பயிரை நான்கு நான்கு குத்தாகச் சேர்த்துக் கட்ட விடியற்காலையில் அவரும் இறங்கினார். 76 வயதில் முட்டளவு நீரில். இந்த நெல்லைப் போட்ட பழைய காலத்தில் மேட்டு வயலிலேயே போடுவோம், தழையுரமும் அளவாகவே இடுவோம் என்று அப்போதுதான் வாய் திறந்தார். ஐம்பத்தைந்து ஆண்டு அவர் யாரிடமும் சொல்லாதிருந்த பாடம் அது. கேட்பாரில்லாததால் சொல்லவில்லை போலும்.

மறு ஆண்டு மகன் மாப்பிள்ளைச் சம்பாவை ஒரு மாவுக்குச் சுருக்கி, மீதியில் சீரகச் சம்பா போட்டான். நெல்லாக விற்காமல் அரைத்து அரிசியாக விற்றான். திருச்சியில் வசிக்கும் மூத்த அத்தையின் குடியிருப்பிலேயே இருபது வீடுகள் வாடிக்கையாயின. அவ்வருவாய் அவன் கணக்குக்கே போயிற்று. பெரியவர் கேட்டது செலவுக் கணக்கை மட்டும். கைப்பேசியில் இருக்கிறது என்றான் மகன். "அதை எனக்குப் படிக்கத் தெரியாதே" என்றார். இப்போது மகன் இரண்டிடத்திலும் எழுதுகிறான். நோட்டுப்புத்தகத்தில் எழுதத் தொடங்கிய பிறகுதான் நடவுக் கூலியில் எவ்வளவு போகிறது என்பது தனக்கே உறைத்தது என்று எங்களிடம் சொன்னான்.

இளையவர் பக்கமே நியாயம் முழுவதும் இருந்ததாக எவரும் நினைத்துவிட வேண்டாம். 2023-இல் ஜூன் 12-ஆம் நாளே அணை திறந்ததைக் கண்டு மகன் கூடுதலாக ஆறு மாவில் நீண்ட கால ரகம் போடத் துடித்தான். பெரியவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அணையில் நீர் இருக்கிறது, வரத்து இல்லை என்பது அவர் வாதம். அக்டோபர் 10-ஆம் நாள் மேட்டூர் மூடப்பட்டது. வழக்கமாக ஜனவரி இறுதி வரை வர வேண்டிய தண்ணீர் அது. அந்த ஆண்டு எங்கள் வீட்டைக் காத்தது டிரங்குப் பெட்டி. பெரியவர் கணக்குப் பார்த்துச் சேர்த்ததை நாங்களும் சில வேளை கஞ்சத்தனம் என்று பேசியதுண்டு. காவிரியை நம்பி எழுபது போகம் கண்டவருக்கு ரொக்கம் என்பது என்ன என்று அந்தக் கோடையில் விளங்கிற்று.

மூன்று மா சரி; மீதி 17 மாவும் மற்றவையும்? இங்கே சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் நம் குடும்பங்களில் இதில் குழப்பம் மிகுதி. பாட்டன் சொத்தில் பேரனுக்குப் பிறப்புரிமை உண்டு என்று நம்மவர் பலர் அடித்துப் பேசுகின்றனர். அது இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டத்தின் வழி வரும் எண்ணம். கிறிஸ்தவர்க்கு உரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி, உயிரோடிருக்கும் தந்தையின் நிலத்தில் பிள்ளைக்கோ பேரனுக்கோ பிறப்பால் வரும் பங்கு இல்லை. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் என்றால் மகனும் மகளும் ஒன்றே. பெண்ணுக்குச் சமபங்கு ஏதோ நேற்று வந்த புதுச்சட்டம் என்று திண்ணையில் பேசும் நம் ஆண்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும் வேறு பழைய சட்டம் குறுக்கே நின்றது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையையும் நீக்கிற்று. சட்டத்தில் இப்படி இருக்க, நடைமுறையில் நாம் செய்வது என்ன? நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்று சொல்லி, தந்தை கண்மூடிய முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தோம். உயில் இல்லையேல் 20 மாவில் பாட்டிக்கு ஆறே முக்கால் மாவுக்குச் சற்றுக் குறைவு. எங்களுக்கும் இரு சகோதரிகளுக்கும் தலைக்கு நாலரை மாவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பின் பாட்டியின் பங்கும் மூன்றாகும். ஓர் இயந்திரம் திரும்ப இடமில்லாத துண்டுகள். சகோதரிகளின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாமே என்றால், அந்தப் பணம் நெல்லிலிருந்து வருமா? ஒரு வேலியில் மாவுக்குப் பத்து மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ என்று வைத்தால் 120 குவிண்டால். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்குத் தமிழகத்தில் கிடைக்கும் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக ஒரு போகத்துக்கு 3 லட்சம். செலவு போகப் பாதியும் நிற்பதில்லை. நிலத்தின் விலையோ நெல்லின் விலையோடு எந்த உறவும் இல்லாமல் மனை வியாபாரத்தோடு ஏறிக்கொண்டிருக்கிறது. உழுபவன் உழுது சம்பாதித்து உடன்பிறந்தாளின் பங்கை வாங்குவது இன்று ஏறக்குறைய இயலாத காரியம். உழவுக் குடும்பத்தில் வாரிசுச் சிக்கல் கூர்மையாவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளின் பேராசையில் அன்று என்பது எங்கள் கருத்து.

2024 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்குச் சுண்ணாம்படித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரிப்பு முடிந்து எல்லாரும் வீடு வந்தனர். இரு சகோதரிகளும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தனர். பேசுவதற்கு அந்த நாளைத் தேர்ந்தவர் பெரியவரே. மூத்த சகோதரி முதலில் பேசினார்: "எனக்கு நிலம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை அப்பா. ஆனால் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்." அவர் கேட்டது கலந்துபேசும் இடத்தை. இளையவரின் நிலை வேறு. கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருப்பவர். தமக்குப் பங்கு தேவை என்று கண்கலங்காமல், குரல் நடுங்காமல் சொன்னார். அந்தத் தெளிவைக் கண்டு நாங்கள் நிம்மதியடைந்தோம். தேவை இருப்பவர் தேவையைச் சொல்லாமல் "உங்கள் விருப்பம்" என்று போவதுதான் பின்னாளில் நெஞ்சில் முள்ளாகிறது.

பெரியவர் சாலையோர மனையை இளைய மகளுக்கு உடனே தான செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தார். நிலத்துக்கு உயில். 17 மா எங்களுக்கு. மூன்று மா மூத்த மகளுக்கு. அதை எங்கள் மகனே உழுது ஆண்டுதோறும் அரிசியாக அளக்க வேண்டும். வீடும் தோப்பும் பாட்டி உள்ளவரை பாட்டியின் அனுபவத்தில். இது சமமான பங்கு அன்று. மூத்தவரின் கணக்கில் குறைவுண்டு. அதை அவர் தெரிந்தே, தம் பிள்ளைகள் முன்னிலையில் ஏற்றார். ஏற்காமல் மறுத்திருந்தால் அதற்கும் அவருக்கு முழு நியாயம் இருந்தது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்து வைப்பது நலம். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்று: சாட்சிக் கையெழுத்திடுபவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அவ்வுயிலில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், கிறிஸ்தவரின் உயிலில் அந்தக் கொடை செல்லாது. பாசத்தால் மருமகனைச் சாட்சியாக்கி மகளின் பங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. செட்டில்மெண்ட் பத்திரமோ எழுதிப் பதிந்தபின் மனம் மாறினாலும் எளிதில் திரும்பாது. தங்களைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால், அது மீறப்படும்போது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அதை ரத்துச் செய்யக் கோரலாம். அந்த ஒரு வரியை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. திண்ணை மாறிய அந்தத் தோழரின் பத்திரத்தில் அவ்வரி இல்லை.

முடிவெடுக்கும் அதிகாரம் எப்படிக் கைமாறிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். பத்து மாவைக் குத்தகையாக எடுத்துக்கொள்ளலாமே என்று நாங்கள் சொன்னபோது பெரியவர் சீறினார். 1952-இல் வந்த தஞ்சைக் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் நாளிலிருந்து இப்பக்கத்து முதியவர்களின் காதில் அச்சொல் வேறுமாதிரி ஒலிக்கும். ஆகவே குத்தகை என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப உடன்படிக்கை என்று எழுதினோம். பதிமூன்று மாவில் எது போடுவதென்பது பேரனின் முடிவு, மாவுக்கு ஆண்டுக்கு இரண்டு மூட்டைக்குரிய பணம் பெரியவர் கையில், எஞ்சியது அவனுக்கு. மீதி ஏழு மா பெரியவரின் சொல்படி. அந்த ஏழு மாவில் அவர் இன்னும் தமக்குப் பிடித்த ரகத்தையே போடுகிறார். நாங்கள் இருவரும் அதில் வேலைக்காரர்கள். இத்தாளுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பென்று எங்கள் மகன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டான், அதிகமில்லை என்றார். வீட்டில் அதற்கு மதிப்பிருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது அதன் நகலையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று பாட்டி கேட்கிறார்.

எங்களுக்கும் மகனுக்கும் இடையில் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. உயிலை நேராகத் தன் பெயருக்கே எழுதியிருக்கலாமே, ஒரு பத்திரச் செலவு மிச்சமாகியிருக்குமே என்பது அவன் எண்ணம். நாங்கள் இசையவில்லை. சென்னையில் செவிலியாகப் பணிசெய்யும் அவன் தங்கையும் எங்கள் பிள்ளைதான். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு நேரே தாண்டும் சொத்து அவளைத் தாண்டிப் போய்விடும். அத்தைமாரை அழைத்து அமர்த்திப் பேச வேண்டும் என்பதில் முன்னின்றவன் அவனே. தங்கை என்று வரும்போது சற்றே நெற்றி சுருங்குகிறது. நிலத்தில் கால் வைத்தவனுக்கு அது இயல்புதான். பண்டிகைக்கு அவள் விடுப்பில் வரும்போது நால்வரும் உட்கார்ந்து பேசுவதென்று இருக்கிறோம். தொலைபேசியில் செய்தி சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "தோப்பு யாருக்கு?" என்பதே.